ஐந்தாம் பாத்தி குறித்து முன் விடுத்த ஓலையைத் திருத்தும் ஓலை

மழை தவறினும் சொல் தவறாத வன்பரல் நாட்டின் தலைவர், மூன்று ஏரி வெட்டுவித்தவர், ஏழு கணவாய் காத்தவர், ஏறிய குதிரையினின்று இருமுறை மட்டுமே விழுந்த பெருவீரர், நெடுங்கைக் கோதண்ட மாராயர் திருவுள்ளப்படி, அவருடைய திருமந்திர ஓலைநாயகன் கணவதி சாத்தன் எழுத்தாணி பிடித்து எழுதியது.

தேன்பாறை நாட்டுப் பெருந்தேவியார், குன்றும் குளமும் குடியும் ஒருங்கே புரப்பவர், எம் மன்னர்க்கு மூத்த தமக்கையார், சிறு பருவத்தில் மன்னர் காதைத் திருகும் உரிமை இந்நாட்டில் தமக்கு ஒருவர்க்கே என்று நிலைநாட்டியவர், கொன்றைமாதேவியார் திருமுன் இவ்வோலை பணிந்து வைக்கப்படுவதாகுக. தேவியார் தொழுவங்களில் மடி வற்றாதிருப்பதாக. தேவியார் கன்றுகள் கயிறு அறுத்துக்கொண்டு துள்ளுவதாக. தேவியார்க்குச் சினம் வருமாயின், இவ்வோலையை இறுதிவரை கேட்ட பின்னரே வருவதாக.

பதினோரு நாள் முன்பு வெண்குடையும் சங்கும் முரசும் சூழ, அலங்கரித்த எருதுகள் பூட்டிய வண்டியில் ஓர் ஓலை தேவியார் நாட்டை நோக்கிப் புறப்பட்டது. எருதுகளுக்கு நெற்றிப்பட்டம் கனம் ஆதலால் அவை மெல்லவே நடக்கும். இவ்வோலையோ குடையும் இல்லை, கொம்பும் இல்லை, குதிரைப்பந்தியிலேயே விரைவான குதிரையின் முதுகில் வருகிறது. இது முந்தி வந்துவிட்டால், பிந்தி வருவதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியருள வேண்டும். அது முந்திவிட்டதாயின், அதில் கண்டபடி யாதொன்றும் செய்யாதிருக்க வேண்டும். அதில் கண்டதே யாதொன்றும் செய்யாதிருப்பதுதான் என்பது இவ்விடத்தில் வந்த பெரும் சங்கடம்.

தேவியார் கேட்டிருந்தது தெளிவான கேள்வி. மூன்று கோடை மழையின்றிப் போயிற்று, ஆநிரைகள் எலும்பை எண்ணும்படி ஆயின, வரும் மழைக்கு முன் மேய்ச்சல் புலங்களில் எதை விதைக்கலாம், உங்கள் நாட்டில் புல்லையும் தழையையும் ஆராயும் பெண் ஒருத்தி இருக்கிறாளாமே, அவளைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியருளியிருந்தார். எம் மன்னர் விடுத்த விடையின் சாரம் இது: எதையும் விதைக்க வேண்டா, நீர் இறைக்க வேண்டா, எரு இட வேண்டா, நிலத்தை அதன் போக்கில் விடுக, சும்மா இருப்பதே பெருந்தொழில். இதை எழுதுவித்த அன்று மன்னர்க்குக் கால் தரையில் பாவவில்லை. ஆளாமல் ஆள்வது எப்படி என்று நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தவர்க்குப் புல்லே வந்து சான்று சொன்னதுபோல் ஆயிற்று. தம் தமக்கையார்க்கு ஒரு நல்ல புத்தி சொல்லும் வாய்ப்பு நாற்பது ஆண்டில் முதன்முறை கிடைத்த மகிழ்ச்சியும் அதில் சேர்ந்திருந்தது என்பதை ஓலைநாயகன் மறைக்க மாட்டான்.

இனி அது தவறானது எங்ஙனம் என்பது கேட்டருள்க. அதைச் சொல்ல வேண்டுமாயின் தேவியார் குறித்த அப்பெண்ணாகிய தழைநாயகம் காடன் வெண்ணங்கையை முதலில் சொல்ல வேண்டும்.

வெண்ணங்கை மண்ணைப் பார்த்தே நடப்பவள். எட்டு ஆண்டுக்கு முன் மன்னர் உலா வந்த தெருவில், எதிரே நிற்பவர் யார் என்று நிமிர்ந்தும் பாராமல், உம் காலடியில் கொழுக்கட்டைப்புல்லின் கதிர் ஒன்று நசுங்குகிறது, சற்றே தள்ளி நில்லும் என்று சொன்னாள். மெய்க்காவலர் வேலைத் தூக்கினார்கள். மன்னரோ காலைத் தூக்கினார். அந்தக் கதிரை அவள் முந்தானையில் துடைத்து, இது கல்லிலும் முளைக்கும், வெட்ட வெட்டத் தூறு கட்டும், பசு விரும்பித் தின்னும் என்று காலுக்குரியவரிடமே விளக்கத் தொடங்கினாள். கிரீடம் அவள் கண்ணில் பட்டது விளக்கம் முடிந்த பிறகுதான். அன்றே நாற்பது வேலி மேட்டுநிலம் அவள் ஆராய்ச்சிக்கு விடப்பட்டது.

அந்நிலத்தின்மேல் வேறொருவர்க்கும் கண் இருந்தது. குதிரைப்பந்தித் தலைவர் இடங்கழி மல்லன், குதிரை ஓட்டம் பழக்க இதைவிடச் சமதளம் இந்நாட்டில் இல்லை என்று மூன்று முறை விண்ணப்பித்தவர். அவர் கெட்டவர் அல்லர். குதிரைக்கு நாலு காலும் தமக்கு அந்த நிலமும் வேண்டும் என்பதைத் தவிர அவர்க்கு வேறு ஆசை கிடையாது. ஆகவே மன்னர் ஒரு நிபந்தனை விதித்தார். முதல் மூன்று ஆண்டு அவள் விதையும் கன்றும் திரட்டிக்கொள்ளலாம். அதன்பின் ஐந்து மழைக்குள் வறண்ட புலத்துக்கு ஏற்ற தீவனம் எது என்று பிழையற்ற சோதனையால் காட்ட வேண்டும். காட்டாவிடின் நிலம் குதிரைகளுக்குப் போகும். வெண்ணங்கை தலையசைத்தாள். அந்த நிலம் போனால் அவளுக்கு வேறு உலகம் இல்லை என்பது அவள் தலையசைத்த விதத்திலேயே தெரிந்தது.

அவள் நிலத்தை ஐந்து பெரும் பாத்தியாக வகுத்தாள். முதலாவதில் கொழுக்கட்டைப்புல், இரண்டாவதில் கொடியோடும் நரிப்பயறு, மூன்றாவதில் அகத்தி, நான்காவதில் விளக்குக்கு எண்ணெயும் அடுப்புக்கு விறகும் தரும் புங்கு. மேட்டைச் சுற்றியுள்ள நான்கு ஊர்களுக்கும் ஊருக்கொரு பாத்தியைப் பராமரிப்புக்கு ஒப்படைத்தாள். ஐந்தாவது பாத்தியை ஒருவர்க்கும் கொடுக்கவில்லை. ஒன்றும் செய்யாத நிலம் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான், செய்த நிலத்தின் பெருமை எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பது அவள் முறை. அதில் யாரும் உழலாகாது, விதைக்கலாகாது, நீர் வார்க்கலாகாது, மாடு மேய்க்கலாகாது என்று பறை அறைவித்தாள். தன் காலடிகூட அங்கே படாது என்று சூளுரைத்து, அதன் வரப்போடு நின்றுவிட்டாள். நான்கு ஊராரும் அப்படியே ஆகட்டும் என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

முதல் ஆண்டு ஐந்தாம் பாத்தி பரட்டைத் தலையாகக் கிடந்தது. வெண்ணங்கை மகிழ்ந்தாள். இரண்டாம் ஆண்டு அதில் கொழுக்கட்டைப்புல் தூறு தூறாக எழுந்தது. காற்று விதையைக் கொண்டுவந்தது என்று எழுதிக்கொண்டாள். மூன்றாம் ஆண்டு நரிப்பயறு படர்ந்தது, அகத்தி தலைகாட்டியது. பறவைகள் எச்சத்தோடு இட்டவை என்று எழுதினாள். நான்காம் ஆண்டு எல்லையோரம் புங்கங்கன்றுகள் நிமிர்ந்து நின்றன. வௌவால்களின் கொடை என்று எழுதினாள். ஓலைநாயகன் அவள் ஏடுகளைப் பின்னர் வாங்கிப் பார்த்தான். அகத்திகள் பத்துக் கோலுக்கு ஒன்றாக, நூல் பிடித்ததுபோல் ஒரே வரிசையில் நின்றன என்று அவளே தன் கையால் குறித்திருக்கிறாள். வன்பரல் நாட்டுப் பறவைகள் கயிறு கட்டி அளந்து எச்சமிடும் என்பது இந்த நாடு அதுவரை அறியாத செய்தி. வெண்ணங்கைக்கோ அதில் ஐயம் எழவில்லை. புல்லும் தழையும் அவளிடம் ஒருபோதும் பொய் சொன்னதில்லை, மனிதர்களும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டாள்.

ஐந்தாம் ஆண்டு, தேவியார் நாட்டைப் போலவே இங்கும் மழை பொய்த்தது. புல் மட்டும் நட்ட பாத்தி வெயிலில் மஞ்சளித்தது. பயறு கருகியது. அகத்தி இலை உதிர்த்தது. புங்கு தாங்கி நின்றாலும் அதை மாடு தின்னாது. அறுவடை நாளில் சபையார் முன்னிலையில் ஒவ்வொரு பாத்தியிலும் தழை அறுத்துத் தலைச்சுமையாகக் கட்டி அடுக்கினார்கள். நான்கு பாத்தியிலும் சேர்ந்து அறுபது கட்டுத் தேறவில்லை. யாரும் தொடாத ஐந்தாம் பாத்தியில் தொண்ணூற்றிரண்டு கட்டு வந்தது. அடுக்கிய இடத்திலேயே ஒரு கன்று ஓடிவந்து வாய் வைத்தது.

வெண்ணங்கை அந்தக் கட்டுகளுக்கு எதிரே நெடுநேரம் நின்றாள். தான் எட்டு ஆண்டு பாடுபட்டதைவிட, பாடுபடாமல் விட்டது மேலாகப் போயிற்றே என்று கட்டுகளை இருமுறை திரும்ப எண்ணினாள். அவள் நினைத்திருந்தால் கட்டுகளை மாற்றி அடுக்கியிருக்கலாம். புல்லைப் பிரித்தறிய அவளைத் தவிர அங்கே ஆள் இல்லை. அவளோ வீட்டுக்குப் போய், செய்யாமல் விட்ட நிலமே சிறந்தது என்று எழுதித் தன் பெயரை அடியில் இட்டு மன்னர்க்கு அனுப்பினாள். ஏற்ற தீவனம் எதையும் காட்டாததால், தன் நிலத்தைத் தானே வாரிக்கொடுக்கும் ஓலை அது. மன்னர் அதைப் படித்துப் பூரித்து, தேவியார்க்கு அந்த முன்னோலையை விடுத்தார். மல்லன் குதிரைகளுக்குப் புதுச் சேணம் தைக்கச் சொன்னார்.

நிலத்தை ஒப்படைக்கும் நாள் வந்தது. இனிச் சூளுரை எதற்கு என்று வெண்ணங்கை முதன்முறையாக ஐந்தாம் பாத்திக்குள் கால் வைத்தாள். உச்சிவெயில். அப்போது புங்கம் பாத்தியைப் பராமரிக்கும் செக்கு ஆட்டும் ஊரிலிருந்து குப்பாச்சி என்பவள் தலையில் கூடையோடு வந்தாள். ஒளிந்தும் வரவில்லை, பதுங்கியும் வரவில்லை. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடையிலிருந்த புங்கம் பிண்ணாக்கை அகத்தியின் தூரில் பிடிப்பிடியாகப் போட்டுக்கொண்டே போனாள்.

இது என்ன என்று வெண்ணங்கை கேட்டாள். பிண்ணாக்குத்தான், கண் தெரியவில்லையா அம்மா என்று குப்பாச்சி சொன்னாள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, மூன்றாம் மழை தொட்டு என்று விடை வந்தது. இதில் யாரும் ஒன்றும் செய்யலாகாது என்று பறை அறைந்தது கேட்கவில்லையா என்று வெண்ணங்கை கேட்க, நன்றாகவே கேட்டது, அதனால்தானே நாங்கள் இதில் வேலை ஒன்றும் செய்யவில்லை, பங்கு மட்டும் வைத்தோம் என்று அவள் தெளிவாகச் சொன்னாள்.

தேவியார் பிறந்து வளர்ந்த நாட்டு வழக்கத்தைத் தேவியார்க்கு நினைவூட்டுவது மிகை. எதைப் பகுத்தாலும் முதற்பங்கு ஆளற்றவர்க்கு. விருந்தில் முதல் இலை, களத்தில் முதல் மரக்கால், ஏரி திறந்தால் முதல் மடை, எல்லாம் நாதியற்ற ஒருவர் பேரில் எடுத்துவைத்த பின்னரே மற்றவர் கை நீளும். நான்கு பாத்திக்கும் ஊர் இருந்தது. ஐந்தாவதற்கு ஒருவரும் இல்லை. அந்நான்கு ஊராரும் முதல் ஆண்டு முழுவதும் அதை வரப்பில் நின்று பார்த்துப் பார்த்து மனம் கேளாமல், இரண்டாம் மழையில் ஓர் ஊர் புல்தூறு கொண்டுவந்து வைத்தது. அடுத்த ஊர் தன் பயற்றை வைத்தது. மூன்றாம் ஊர் அகத்திக் கன்றுகளைக் கயிறு பிடித்து நட்டு, குடத்தில் நீர் சுமந்து வார்த்தது. குப்பாச்சியின் ஊர் புங்கங்கன்றும் பிண்ணாக்கும் தந்தது. ஆளில்லாத பாத்தி பட்டினி கிடக்கிறது என்று நாலு பேர் சொன்னால் எங்களுக்கு முகம் எங்கே என்று குப்பாச்சி எதிர்க்கேள்வி கேட்டாள்.

ஐயோ, குடி கெடுத்தீர்களே என்று வெண்ணங்கை தலையில் கை வைத்து வரப்பிலேயே உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று குப்பாச்சி அருகே வந்து பார்த்தால், அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தான் நான்கையும் நான்கு இடத்தில் பிரித்து வைத்து எது சிறந்தது என்று ஐந்து ஆண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் நான்கையும் ஓரிடத்தில் கூட்டி வைத்துவிட்டார்கள். அகத்தியின் நிழலில் புல் கருகவில்லை. பயற்றின் வேர் புல்லுக்கு ஊட்டியது. புங்கு சுடுகாற்றைத் தடுத்தது. ஒன்றை ஒன்று தாங்கியதால் பஞ்சத்திலும் அந்தப் பாத்தி பசுமை விடவில்லை. பறவைகள் பறவைகள் என்று எழுதினேனே, என்னைக் கட்டிவைத்து அடித்தால் என்ன என்று அவள் சொன்னதாகக் குப்பாச்சி பின்னர்ச் சபையில் சாட்சி கூறினாள்.

சிரிப்பு அடங்கியதும்தான் அவளுக்கு முன்னோலை நினைவுக்கு வந்தது. ஒன்றும் விதைக்க வேண்டா என்று தேன்பாறைக்கு ஓலை போய்விட்டதே என்று முகம் வெளுத்து எழுந்தவள், மேட்டிலிருந்து அரண்மனைவரை செருப்பும் இன்றி ஓடிவந்தாள். சபையில் பிண்ணாக்கு மணக்க நின்று, என் சோதனை பிழைபட்டது, நான் எழுதியது பொய்யாயிற்று என்று சொன்னாள். மல்லன் எழுந்து, பிழையற்ற சோதனை என்பதுதானே நிபந்தனை, இப்போது நிலம் இருமடங்கு எனதாயிற்று என்று வணங்கிச் சொன்னார். நிபந்தனைப்படி அவர் சொன்னது சரி.

மன்னரின் நிலை இன்னும் இக்கட்டு. தமக்கைக்குச் சொன்ன முதல் புத்தியே தவறு என்று அத்தமக்கைக்கே எழுதுவதா? அவர் நெடுநேரம் மீசையைத் தடவிவிட்டு, அக்கையார் நம் சொல்லை என்றும் கேட்டதில்லை, இம்முறையும் கேளார், ஆகவே ஓலை போனதால் தீங்கொன்றும் இல்லை என்று அருளினார். சபையார் பலரும் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். ஓலைநாயகன் தலையும் ஆடிற்று. வெண்ணங்கை மட்டும், இம்முறை கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.

அவள் மடியிலிருந்து நிலத்தின் பட்டயத்தை எடுத்தாள். நிலம் குதிரைகளுக்கே போகட்டும், நான் வாதாட வரவில்லை, ஆனால் மழைக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை, அதற்குள் விதைக்காவிட்டால் தேன்பாறையின் மாடுகளுக்கு வரும் ஆண்டும் வாயில் வைக்க ஒன்றும் இராது, அந்த வாயில்லாச் சீவன்கள் நமக்கு என்ன தீங்கு செய்தன, ஓர் ஓலை மட்டும் விடுங்கள் என்று சொல்லிப் பட்டயத்தை அரியணைப் படியில் வைத்துவிட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. மன்னர் ஓலைநாயகனை அழைத்து, எழுது என்றார். நிலத்தைப் பற்றி என்ன எழுத என்று கேட்டதற்கு, அடியில் இடம் விடு, அதை நாமே எழுதுவோம் என்றார்.

ஆகவே இதனால் தேவியார்க்குத் தெரிவிக்கும் முறைமை: முதல் மழை விழுந்து மண் பதமானதும், மேய்ச்சல் புலத்தைச் சுற்றிப் புங்கு நடுக. உள்ளே பத்துக் கோலுக்கு ஓர் அகத்தி. அகத்தி வரிசைகளின் இடையில் கொழுக்கட்டைப்புல்லைத் தூறாகப் பெயர்த்து ஊன்றி, அதன் ஊடே நரிப்பயற்றைத் தூவுக. ஒவ்வொரு கன்றின் தூரிலும் ஒரு பிடி பிண்ணாக்கு இடுக. முதலாண்டு ஆட்டையோ மாட்டையோ உள்ளே விடலாகாது. விட்டால் ஓலைநாயகன் பொறுப்பல்லன். இவ்வாண்டுப் பசிக்கு, ஐந்தாம் பாத்தியின் தழைக்கட்டுகளும் புல்தூறும் விதையும் கன்றும் ஏற்றிய முப்பது வண்டிகள் நான்கு ஊராராலும் அனுப்பப்படுகின்றன. நெற்றிப்பட்டம் கழற்றிய எருதுகள் ஆதலால் விரைந்து வரும். வெண்ணங்கையும் உடன் வருகிறாள். அவள் எதிரே வந்தால் தேவியார் தாமே சற்று விலகி நின்றருள்க. அவள் நிமிர்ந்து பார்ப்பாள் என்று உறுதி கூற இயலாது.

இன்னும் ஒரு விண்ணப்பம். ஒன்றும் செய்யாத நிலம் ஒன்று அவள் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. இந்நாட்டில் அப்படி ஒன்றைக் காத்துத் தரும் அளவுக்குக் கல்நெஞ்சர் இலர் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆகவே தேவியார் நாட்டில் ஒரு துண்டு நிலமும், இரக்கம் என்பதே அறியாத காவலர் நால்வரும் அளித்தருள வேண்டும். காவலரைத் தேவியாரே தேர்ந்தால் நலம்.

இவ்வோலையைக் கேட்டோரும் கேளாதோரும் இதன்படி விதைப்பார்களாக. மூன்று ஏரி பொறித்த முத்திரை இதன்கீழ் இடப்பட்டது. இவை திருமந்திர ஓலைநாயகன் கணவதி சாத்தன் எழுத்து.

இதன் அடியில் மன்னர் தம் கையால் எழுதியது:

அக்கா, நான் சொன்னது தப்பு. உடனே விதைத்துவிடு. மேட்டுநிலத்தை வெண்ணங்கை பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இது அக்காவின் கட்டளை, மறுப்பு இருந்தால் நேரில் போய் அவரிடமே பேசு என்று மல்லனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் வரமாட்டான்.